சம்பளத்துக்குச் சாப்பிட்டவர்

ஒரு நாளைக்கு நான்கு முறை சாப்பிடுவதற்காக அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பதினொரு மணிக்குச் சிற்றுண்டி, ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு, நாலு மணிக்குப் பாலும் பழமும், ஆறரைக்கு இரவுச் சாப்பாடு. அவர் குடியிருந்த கட்டடத்தின் கீழே சாவி செய்யும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் இதைக் கேள்விப்பட்ட அன்று வாயைப் பிளந்துவிட்டார்.

“உக்காந்து திங்கறதுக்கா காசு? உங்க ஆஸ்பத்திரியில ஆள் எடுக்கிறாங்களான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா. எனக்கு முப்பது வருஷ அனுபவம் இருக்கு” என்று தன் தொந்தியைத் தட்டிக் காட்டினார்.

அவரும் சிரித்துவிட்டு மாடியேறிப் போனார். விளக்கம் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் அரைமணி நேரமாவது ஆகும். முடிவில் கேட்பவர், “பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே, இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?” என்று கேட்பார். பதினான்கு வருடங்களாக எல்லாரும் அதையேதான் கேட்டார்கள்.

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் எட்டுப் படுக்கைகள் கொண்ட வார்டு அது. சாப்பாட்டைக் கண்டால் பயப்படுகிறவர்களும், சாப்பிட்டுவிட்டுத் தங்களையே தண்டித்துக்கொள்கிறவர்களும், பசி என்று ஒன்று உடம்பில் இருப்பதையே மறந்துபோனவர்களும் அங்கே வந்தார்கள். மருந்துக்கு டாக்டர் இருந்தார், மனசுக்கு வேறொருவர் இருந்தார். இவர் ஊட்டச்சத்து ஆலோசகர். ஒவ்வொருவருக்கும் என்ன, எவ்வளவு, எப்போது என்று திட்டம் போடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, அதே சாப்பாட்டை அதே அளவில் தன் தட்டிலும் வைத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்து முடிப்பது. தட்டில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது. நீண்ட மேசை, சுவரில் கடிகாரம், அரைமணி நேரம். ‘தட்டு டீச்சர்’ என்று எப்போதோ ஒரு நோயாளி வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. சம்பளப் பிரிவு எழுத்தர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்த மேசையில் சாப்பாட்டைப் பற்றிப் பேசக் கூடாது. உடம்பு, எடை, துணி அளவு எதுவும் வரக் கூடாது. “இன்னிக்கு நல்லா இருக்கீங்களே” என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட, கேட்பவர் காதில் “பெருத்துட்டீங்களே” என்று விழும், கரண்டி அப்படியே நின்றுவிடும். அதனால் டீச்சர் பேச்சுக்கு விஷயம் தேடி அலைந்தார். பேருந்தில் காதில் விழுந்த சண்டை, செய்தித்தாளின் ஓரத்துத் துணுக்கு என்று எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். லிப்ட் ஏன் எப்போதும் நாம் நிற்காத மாடியிலேயே நிற்கிறது? குடையை முதன்முதலில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்த ஆளை ஊர் எப்படிக் கிண்டல் செய்திருக்கும்? இப்படி ஒன்றை எடுத்துப்போட்டால் அரைமணி ஓடிவிடும். அவரைப்போல் பேசுகிறவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை என்றார்கள்.

ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் கடைக்குட்டியாகப் பிறந்தவருக்கு அது இயல்பாகவே வந்தது. அப்பா பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டர். அம்மா துணி வெளுக்கும் நிலையத்தில் இஸ்திரி போட்டார். ஒரே பாத்திரத்தைச் சுற்றி ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். கண்ணை எடுத்தால் முட்டை காணாமல் போய்விடும், வாயை மூடினால் பேச்சில் இடம் போய்விடும். அந்தச் சத்தத்தில் சாப்பிட்டு வளர்ந்தவர் படித்து, பெரிய மருத்துவமனையின் சமையல்கூடத்தில் சேர்ந்து, சர்க்கரைக்காரர்களுக்கும் ரத்த அழுத்தக்காரர்களுக்கும் பத்தியச் சீட்டு எழுதினார். அப்போது அவர் பெயர் ‘உப்பு போலீஸ்’. கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருந்தார். ஒரு தடவை கப்பல் வந்தது, அவர் வந்து சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். சண்டை எதுவும் இல்லை. மகன் படித்து, இங்கே பகலாக இருக்கும்போது அங்கே இருட்டாக இருக்கும் ஒரு நாட்டுக்குப் போனான். அண்ணன் அக்காக்களில் இரண்டு பேர் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் நான்கு திசையில் இருந்தார்கள்.

நான்காவது மாடியில் இரண்டு அறை வீடு. மூன்று பேருக்கென்று வாங்கிய சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாள்கள் குவிந்திருந்தன. வார விடுமுறை நாளில் டீச்சர் சாப்பிடுவதில்லை. அது விரதமும் இல்லை, கொள்கையும் இல்லை. பசிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். குளிர்சாதனப்பெட்டியின் கதவைத் திறந்து, நின்றபடியே இரண்டு பிஸ்கட்டும் டீயும், அவ்வளவுதான். மறுநாள் வார்டில் நான்கு வேளை இருக்கிறது, ஈடாகிவிடும். “சாப்பிட்டீங்களா?” என்று அவரைக் கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அவரோடு பழகியவர்கள் எல்லாரும் அவர் சாப்பிடுவதைத் தினம் நாலு தடவை பார்த்தவர்கள்.

தையல்காரம்மா அந்த வார்டுக்குத் தானாகவே வந்து சேர்ந்தார். நாற்பத்து நான்கு வயது, இரண்டு மிஷின் போட்ட சொந்தக் கடை, லிப்ட் மெக்கானிக் கணவர், பதின்மூன்று வயது மகள். ஆறு வருடங்களாகச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தவர். கணவர் கெஞ்சியும் வராதவர் எதனால் வந்தார் என்பதை முதல் நாள் ஆலோசனையில் டீச்சரிடம் சொன்னார்.

“தினம் காலையில டேப்ப எடுத்து என் கையச் சுத்தி அளந்து பாப்பேன், மேடம். ஒரு நாள் கடைக்குள்ள வந்தா, என் பொண்ணு அதே டேப்ப அவ மணிக்கட்டுல சுத்திக்கிட்டு நிக்கறா. ‘என்னடி பண்ற?’ன்னேன். ‘நீ பண்றதைத்தான்’னா.” தன் மணிக்கட்டை மறு கையால் சுற்றிப் பிடித்துக் காட்டினார். “நான் சரியாகாம வீட்டுக்குப் போனா அவளும் என்ன மாதிரி ஆயிடுவா. அது மட்டும் நடக்கக் கூடாது.”

முதல் வாரம் ஒரு கரண்டிக்கு ஒரு யுத்தம் நடந்தது. மூன்றாவது வாரத்தில் பாதித் தட்டு. ஐந்தாவது வாரத்தில் தையல்காரம்மா தட்டை முழுசாக முடிக்கத் தொடங்கினார். தொடர்ந்து பதினான்கு நாள் முடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று பெரிய டாக்டர் சொன்னார். அந்த அம்மையார்தான் வார்டைத் தொடங்கி நடத்துகிறவர். அடுத்தடுத்து ஐந்து சாப்பாடு நின்றால் மூக்கு வழியாகக் குழாய், மறுபடி முதலிலிருந்து. இதுவும் அவர் சொன்னதுதான்.

மூன்றாம் நாள் எண்ணிக்கை நடந்துகொண்டிருந்தபோது டீச்சரை நிர்வாக அலுவலகம் கூப்பிட்டது. எடுக்காத விடுப்பு மலைபோல் கிடக்கிறது, ஒரு வாரமாவது எடுத்தே தீரவேண்டும் என்றார்கள். அவர் மன்றாடிப் பார்த்தார். “எல்லாரும் லீவு வேணும்னு வந்து நிப்பாங்க, நீங்க வேணாம்னு நிக்கறீங்க” என்று எழுத்தர் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

விடுப்பின் முதல் நாள் மேசையிலிருந்த செய்தித்தாள்களை எடுத்துத் தரையில் வைத்தார். முட்டை வேகவைத்தார். உட்கார்ந்தார். எதிர் வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு வாய் வைத்தார், எழுந்துவிட்டார். மறுநாள் முட்டை வேகவைக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து டீ மட்டும், எப்போதாவது பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் வந்தான்.

“சாப்டியாம்மா?”

“ஆச்சுப்பா. நீ?”

“இப்பத்தான் எழுந்தேன்” என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பினான்.

திங்கட்கிழமை மதியம் டீச்சர் மேசைக்குத் திரும்பினார். ரொட்டி, அவித்த பயறு, முட்டை, உருளைக்கிழங்கு. நோயாளிகளில் ஒரு காலேஜ்காரி இருந்தாள், வாயாடி. “டீச்சர், நீங்க இல்லாத ஒரு வாரம் சிஸ்டர்தான் பேச்சு. அதுல மூணு நாள் அவங்க ஸ்கூட்டர் ரிப்பேர் கதையே ஓடிச்சு. இப்ப எங்க எட்டுப் பேருக்கும் கார்புரேட்டர் கழட்டத் தெரியும்” என்றாள். மேசையின் ஒரு முனையில் நின்றிருந்த நர்ஸ் முறைத்தார். தையல்காரம்மாகூடச் சிரித்தார். டீச்சர் பேசினார், கேள்வி போட்டார், எல்லாரையும் பேசவைத்தார். ஆனால் ஒரு வாரம் காலியாகக் கிடந்த வயிறு பாதித் தட்டோடு அடைத்துக்கொண்டது. இறங்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது கை டிஷ்யூ தாளை எடுத்து இரண்டாக மடித்து, இரண்டு துண்டு உருளைக்கிழங்கின்மேலும் பாதி ரொட்டியின்மேலும் மெதுவாகப் போர்த்தியது. பதினான்கு வருடங்களில் நூற்றுக்கணக்கான கைகள் செய்து, அவர் பார்த்துப் பார்த்துப் பிடித்த அதே வேலை. தன் கை அதைச் செய்ததை அவர் கவனிக்கவே இல்லை. நர்ஸும் பார்க்கவில்லை. நோயாளிகளின் தட்டைச் சோதிப்பதுதான் நர்ஸின் வேலை, டீச்சர் தட்டை யார் சோதிப்பார்கள்?

எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரம்மா பார்த்துவிட்டார். கரண்டியைக் கீழே வைத்தார்.

“எனக்குப் போதும்.”

அன்று மாலை மேசைக்கே வரவில்லை; கொண்டுபோய்க் கொடுத்த பாலைத் தொடவில்லை. ஆறரை மணிச் சாப்பாட்டையும் தொடவில்லை. காரணம் கேட்ட நர்ஸிடம், “டீச்சரைக் கேளுங்க” என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிச் சிற்றுண்டியும் அப்படியே கீழே திரும்பிப் போனது. நான்கு ஆகிவிட்டது. மதியமும் சாப்பிடாவிட்டால் மாலையில் குழாய் என்று டாக்டர் சீட்டில் எழுதிவிட்டதையும், தையல்காரம்மா சொன்ன வார்த்தையையும் நர்ஸ் டீச்சரிடம் சொன்னார். டீச்சர் தையல்காரம்மாவின் அறைக்குப் போனார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

“என்னைக் கேக்கச் சொன்னீங்களாமே? என்னம்மா ஆச்சு? பத்து நாளுக்கு மேல முடிச்சுட்டீங்க.”

“நீங்க முடிக்கலையே, மேடம்.”

“என்ன?”

“டிஷ்யூ. அப்படியே மடிச்சு, ஓரத்த நீவி விட்டீங்க. நான் துணி மடிக்கறவ. மடிப்பு என் கண்ணுல படாம போகாது.”

டீச்சருக்கு அப்போதுதான் தன் கை நினைவுக்கு வந்தது. “வயிறு சரியில்ல நேத்து” என்றார்.

“நானும் அதைத்தான் சொன்னேன், எங்க வீட்டுக்காரர்கிட்ட. ஆறு வருஷமா.” தையல்காரம்மா திரும்பினார். கண் டீச்சரின் வெள்ளைக் கோட்டின்மேல் ஓடியது. “உங்க கோட்டு தோள்லேருந்து ரெண்டு விரல் எறங்கி நிக்குது. கழுத்துப்பட்டி தொங்குது. இது ஒரு வாரத்துல ஆனது இல்ல. நான் வந்த அன்னிக்கே பார்த்தேன். பெரியவங்க, தினம் நம்ம எதிர்ல சாப்பிடறாங்க, வேற ஏதாவது இருக்கும்னு விட்டுட்டேன். நீங்களே மறைக்கறப்ப, நான் எதுக்கு சாப்பிடணும், சொல்லுங்க? எங்களுக்கு முன்னாடி வாய் அசைக்கறது உங்க வேலை. அவ்வளவுதானே?”

டீச்சர் நேரே பெரிய டாக்டரின் அறைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். வீட்டில் சாப்பிடாததையும் சொன்னார். வேறு யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

“எவ்வளவு நாளா?”

“வருஷக் கணக்கா.”

“எத்தனை வருஷமா?”

“சரியாத் தெரியல. வார்டு தொறந்ததுலேருந்து இருக்கலாம்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “என் கண்ணு முன்னாடியேவா?”

“உங்க கண்ணு முன்னாடி நான் நல்லாத்தான் சாப்பிட்டேன், டாக்டர். யாராவது எதிர்ல இருந்தா முடியுது.”

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “மேசையிலேருந்து விலகிடுங்க. இன்னிக்கே. உங்களுக்கு உடம்பு சரியில்ல, லீவுன்னு அந்தம்மாகிட்ட சிஸ்டர் சொல்லிடுவாங்க” என்றார்.

“நம்ப மாட்டாங்க. அந்த மேசையே நாடகம்னு முடிவு பண்ணிடுவாங்க. வீட்டுக்குப் போனாலும் அதையேதான் நினைப்பாங்க. இன்னும் ஒரே ஒரு சாப்பாடு குடுங்க. நானே சொல்லிடறேன்.”

“உங்க கதை அவங்களுக்குப் பாரம்.”

“கதை வேணாம். ரெண்டு வாக்கியம்.”

“ரெண்டே ரெண்டு. மூணாவது வந்தா நான் உள்ள வந்துடுவேன்.”

ஒரு மணிக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். தையல்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். டாக்டர் கதவுக்கு வெளியே நின்றார். டீச்சர் கரண்டியை எடுக்கவில்லை.

“நேத்து நான் சாப்பிடாம மறைச்சேன், வயித்து மேல பழி போட்டது பொய். எனக்கும் உதவி வேணும்னு கேட்டுட்டேன், நாளையிலேருந்து இந்த நாற்காலியில வேற ஒருத்தர் உக்காருவாங்க.”

காலேஜ்காரி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

“டீச்சர்” என்றாள் காலேஜ்காரி, “இங்க எட்டு பெட்தான் இருக்கு. ஒம்பதாவது ஆளுக்கு பெட்டுக்கு எங்க போவாங்க?”

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து நர்ஸ்தான் முதலில் சிரித்தார், உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

டீச்சர் சாப்பிடத் தொடங்கினார். முதல் வாயை நிறைய நேரம் மென்றார். இரண்டாவது வாய்க்குத் தண்ணீர் குடித்தார். கோட்டுப் பையில் நோட்டு இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. அந்த மேசையில் அவர் இருந்து பேச்சில்லாமல் கழிந்த முதல் பத்து நிமிடம் அதுதான். மற்ற ஏழு பேரும் தங்கள் தட்டைப் பார்த்தபடி மென்றார்கள். தையல்காரம்மா டீச்சரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கரண்டி தட்டுக்குப் போவதும், வாய்க்கு வருவதும், நடுவில் நிற்பதும், மறுபடி கிளம்புவதும்.

கடிகாரத்தில் பதினெட்டு நிமிடம் ஆனபோது தையல்காரம்மா கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

“அக்கா” என்றார். அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தார். “அன்னிக்கு லிப்ட்டப் பத்திக் கேட்டீங்கல்ல. எங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“கடைசியா யாரை எந்த மாடியில எறக்கிவிட்டுச்சோ அங்கயே நிக்குமாம். யாராவது பட்டனை அமுக்கினாத்தான் வருமாம். அதுவா வராதாம்.” ரொட்டியைப் பிய்த்தார். “இதுக்கு அவருக்கு இருபது வருஷ சர்வீஸ்.”

“என் ஹாஸ்டல் லிப்ட் அமுக்கினாலும் வராது” என்றாள் காலேஜ்காரி.

“வயசாயிருக்கும். எங்க வீட்டுக்காரரை அனுப்பறேன், அவரும் கூப்பிட்டா வரமாட்டாரு. ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கட்டும்.”

பேச்சு இப்படியே நகர்ந்தது. தையல்காரம்மா தன் தட்டை நேரம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது முடித்தார். டீச்சருக்கு நேரம் போதவில்லை. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார், கதவுப் பக்கம் பார்த்தார், பிறகு யாருடைய தட்டையும் எடுக்காமல் நின்றார். எட்டுப் பேரும் எழுந்திருக்காமல் காத்திருந்தார்கள். இன்னும் பதினொரு நிமிடம் ஆனது.

மறுநாளிலிருந்து டீச்சருக்குத் தரைத்தளத்தில் ஓர் அறை. பக்கத்தில் சலவைக்கூடம், சுவர் எப்போதும் சூடாக இருக்கும். சிறுநீரக நோயாளிகளுக்குப் பத்திய அட்டவணை போடும் வேலை. மூன்றாவது மாடிக்குப் போகக் கூடாது, அங்கே இருப்பவர்களைப் பற்றி விசாரிக்கக் கூடாது. புதன்கிழமை நாலு மணிக்கு நகரத்தின் மறுகோடியில் வேறொரு மருத்துவமனையில் அவருக்கே ஓர் ஆலோசகர். முப்பது வயதுகூட இருக்காத பையன். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தான். நல்லாக் கேக்கறான் என்று டீச்சருக்குத் தோன்றியது. என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. வீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மதியச் சாப்பாட்டை கேன்டீனில், மனிதர்கள் இருக்கும் இடத்தில் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினான்.

இரண்டு வாரம் போனது. கேன்டீன் வாசல்வரை போய்த் திரும்பிய நாட்கள்தான் அதிகம். உள்ளே எல்லா மேசையிலும் கூட்டங்கள், எல்லாக் கூட்டத்துக்கும் ஒரு பேச்சு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. தெரிந்த முகங்கள் கையசைத்தார்கள், உட்காரச் சொல்லவில்லை. அவர் சாப்பிட வந்திருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பதினைந்தாவது நாள் லிப்ட்டுக்குப் பக்கத்தில் நர்ஸ் எதிரே வந்தார். இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொண்டு நின்றார்கள். டீச்சர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது. நர்ஸும் சொல்லக் கூடாது. ஒரு ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகிறவர் வழி கேட்டதால் இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

“தையல்காரம்மா காலையில வீட்டுக்குப் போயிட்டாங்க” என்றார் நர்ஸ் தணிந்த குரலில்.

“ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லல. பொண்ணு கூப்பிட வந்திருந்தா. அவசரம் அவசரமா பையக் கட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. உங்களைக் கேக்கல.” நர்ஸ் இதைச் சொல்லிவிட்டு வருந்தியதுபோல் நின்றார்.

“பொண்ணு எப்படி...”

“அத நான் சொல்லக் கூடாது, டீச்சர்.” இரண்டு எட்டு போனவர் திரும்பினார். “ஒரு பிஸ்கட் பாக்கெட் வச்சிருந்தா. எனக்கு ஒண்ணு குடுத்தா, அம்மாவுக்கு ஒண்ணு குடுத்தா. மீதிய அவளே காலி பண்ணிக்கிட்டு போனா. படிக்கட்டெல்லாம் தூள். பெருக்கறவங்க திட்டித் தீர்த்துட்டாங்க.”

டீச்சர் தலையாட்டினார். நர்ஸ் மேலே போய்விட்டார்.

மணி இரண்டு. கேன்டீனில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. டீச்சர் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு நின்றார். ஓர் இளைஞர் மட்டும் தனியாக ஒரு மேசையில் கைப்பேசியைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இங்க யாராவது வராங்களா?”

“இல்ல, உக்காருங்க” என்றார் நிமிர்ந்து பார்க்காமலே.

டீச்சர் உட்கார்ந்தார். ஏதாவது பேச வாயெடுத்தார். அந்த இளைஞர் காதில் இயர்போன் மாட்டியிருந்ததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாலு வாய் ஆனது. ஐந்தாவது வாயில் அந்த ஆள் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். காலி நாற்காலிக்கு எதிரே டீச்சர் கரண்டியைப் பிடித்தபடி இருந்தார். எழுந்துவிடலாம்போல இருந்தது. எழவில்லை. காரமும் இல்லாத, உப்பும் பத்தாத பயறு ஆறிக்கொண்டிருந்தது. இன்னொரு வாய் எடுத்தார்.

மேசை துடைக்கிறவர் வாளியும் துணியுமாக வந்தார். மற்ற மேசைகளின் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே அவரருகே வந்து, தட்டில் பாதிக்குமேல் மீதியிருப்பதைப் பார்த்தார்.

“நேரமாச்சுங்களா? மூடணுமா?” என்று கேட்டார் டீச்சர்.

“நீங்க மெதுவா சாப்பிடுங்கம்மா” என்றார் அவர். “நான் அந்தப் பக்கம் தொடச்சுட்டு வர்றேன்.”